எட்டாம் கம்பிக்கு எத்தனை சுற்று?

வீணையில் ஒரு காந்தப் பிக்கப்பைப் பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால், சில வீணைகளில் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் தந்தியான சாரணி கணீரென்று கேட்கும். பஞ்சமமும் கேட்கும். மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் மீட்டினால் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. குடத்தருகே காதை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு தந்திகளும் நன்றாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். பிக்கப்பில் கோளாறு ஏதும் இல்லை. முதல் இரண்டும் எஃகு, அடுத்த இரண்டும் பித்தளை. காந்தப் பிக்கப்புக்குக் காது கிடையாது. இரும்பு அசைந்தால் மட்டும் அதற்குத் தெரியும். பித்தளை எவ்வளவு துள்ளினாலும் அதற்கு அக்கறை இல்லை. எஃகு உள்நரம்பின்மேல் சுற்றிய தந்தியைப் போட்டால் ஓரளவு கேட்கும். இல்லாவிட்டால் உடலின் அதிர்வையே நேரடியாக வாங்கும் கான்டாக்ட் மைக்கை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹெவி மெட்டல் வாசிக்கிற ஏழு கம்பி, எட்டுக் கம்பி கிதார்களுக்கு எந்தப் பிக்கப் பொருந்தும் என்ற கேள்வியையும் இங்கிருந்தே தொடங்கலாம். கடைக்குப் போகும் இளைஞர் முதலில் கேட்பது ‘எது அதிக அவுட்புட்?’ என்பதைத்தான். எது எதைக் கேட்கும், எதைக் கேட்காமல் விடும் என்று கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பிக்கப்பின் அமைப்பு மிக எளியது. கம்பிகளுக்கு அடியில் ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி மெல்லிய எனாமல் வயரில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கி வைக்கிறது. கம்பி அதிரும்போது காயிலுக்குள் செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் காயிலில் மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இது. அதைக் கிதாருக்குக் கொண்டுவர நூறு ஆண்டுகள் ஆயின. 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற கலைஞர் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிதாருக்காக ஒரு பிக்கப் செய்தார். ரிக்கன்பேக்கர் நிறுவனம் அதை விற்றது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்த அந்தக் கருவிக்கு வாணலி என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1937-ல் காப்புரிமை கிடைத்தது.

இனி அந்த வயரின் செம்பு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தின் பெயரை வரலாற்றுப் புத்தகங்களில் நிலைநிறுத்தியது இந்த உலோகம்தான். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே ஒரு சிவன் கோயில் எடுத்தான். அதற்கு விட்ட நிலத்தையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்கச் செய்த ஏற்பாட்டையும் செப்பேட்டில் வெட்டுவித்தான். செம்பு தட்டினால் விரியும், விரிசல் விடாது. அதே குணத்தால்தான் இழுத்தால் நீளவும் செய்கிறது. கிதார் பிக்கப்பில் வழக்கமாகப் பயன்படும் வயரின் குறுக்களவு 0.063 மில்லிமீட்டர், தலைமுடியின் கனம். நம் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களின் கணக்கில் ஏறக்குறைய 46 கேஜ். ஒரு கிராம் செம்பை இந்த அளவுக்கு இழுத்தால் 35 மீட்டர் வரும். 1950-களின் கிப்ஸன் கிதாரில் இருந்த இரட்டைக் காயில் பிக்கப்பில், ஒவ்வொரு காயிலும் சுமார் 5,000 சுற்று. இரண்டையும் பிரித்து நீட்டினால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். எடை 40 கிராம். மின்தடை 8,000 ஓம் அளவில்.

அந்த 8,000 ஓம் என்ற எண் ஒரு பெரிய மூடநம்பிக்கையின் மூலம். பிக்கப் அட்டைப்பெட்டியில் ‘8 கிலோ ஓம்’, ‘13 கிலோ ஓம்’, ‘16 கிலோ ஓம்’ என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் சத்தம் பெரிது என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். அதே 5,000 சுற்றை ஒரு கேஜ் மெல்லிய வயரில் சுற்றினால் மின்தடை கால்பங்கு ஏறிவிடும். காயில் சற்றே ஒல்லியாகும், அவ்வளவுதான். அவுட்புட் பெரிதாக மாறாது. இன்னொன்றும் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். குளிரூட்டிய ஸ்டுடியோவில் 20 டிகிரியில் 8,000 ஓம் காட்டும் பிக்கப், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் வைத்த கிதாரில் 8,600 காட்டும். வெயிலில் காய்ந்தால் கிதார் உரக்கப் பாடும் என்று யாரும் சொன்னதில்லை.

அவுட்புட்டை உண்மையில் கூட்டுவது இரண்டு: சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் வலு. 1972-ல் நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ இரண்டையும் கூட்டி ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். செராமிக் காந்தம், 13,000 ஓம் அளவுக்குச் சுற்று. கிதாரில் இருப்பதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று தனியாக விற்ற பிக்கப் வணிகம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. அதற்கு அன்று நல்ல காரணம் இருந்தது. அக்கால வால்வ் ஆம்ப்கள் எளிதில் கரகரப்பதில்லை. முதல் வால்வின் வாசலிலேயே அது தாங்காத அளவு மின்னழுத்தத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு டிஸ்டார்ஷன் பிறக்கும். இன்றைய மெட்டல் ஆம்ப்களில் பெருக்கம் அடுக்கடுக்காக இருக்கிறது. அவற்றைக் கரகரக்க வைக்கப் பிக்கப் முண்ட வேண்டியதில்லை. காரணம் போய் நாற்பது வருடமாகியும் அதிக அவுட்புட் பிக்கப்பைக் குறிக்கும் ‘ஹாட்’ என்ற சொல்லின் மவுசு போகவில்லை.

சுற்றைக் கூட்டினால் என்ன விலை கொடுக்கிறோம்? அவுட்புட் சுற்றுகளின் விகிதத்தில் கூடுகிறது. காயிலின் மின்தூண்டல் திறனோ அதன் வர்க்கத்தில் கூடுகிறது. சுற்று ஒன்றரை மடங்கானால் தூண்டல் இரண்டேகால் மடங்கு. இந்தக் காயிலும், கிதாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடுகின்றன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து எழும்பும். அதற்கு மேலே எல்லாம் சரியும். தூண்டல் 2.3 ஹென்றி உள்ள ஒற்றைக் காயில் பிக்கப்பையும், நான்கைந்து மீட்டர் கேபிள் உள்பட 600 பிகோஃபாரட் மின்தேக்கத்தையும் கணக்கில் வைத்தால் அந்த உச்சம் 4,300 ஹெர்ட்ஸில் வரும். கம்பி பளீரென்று ஒலிக்கும். 7 ஹென்றி உள்ள சூடான பிக்கப்பில் அதே கேபிளோடு 2,450 ஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும். பிளெக்ட்ரம் கம்பியைத் தட்டும் அந்த முதல் ‘டக்’ ஓசையின் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் வாழ்கிறது.

ஆறு கம்பியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சில சமயம் காதுக்கு இதமாகவும் இருக்கும். கம்பிகள் கீழே இறங்க இறங்கத்தான் சிக்கல்.

கீழே இறங்குவது என்றதும் நினைவுக்கு வருகிறவர், மெட்டலுக்குச் சம்பந்தமே இல்லாத மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ். 1969-ல் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-ல் மறைந்தவர். மேற்கத்திய மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுக் கம்பி. இணைக்கம்பியை வைத்துக்கொண்டு கமகத்தை இழுக்க முடியாது. கர்னாடக ராகத்தின் மந்தர ஸ்தாயிக்கும் அந்தச் சின்ன உடலில் இடமில்லை. அவர் இணைகளை விட்டார். ஐந்து ஒற்றைக் கம்பிகள், திடமான உடல், எலெக்ட்ரிக் பிக்கப். கச்சேரி மேடைக்கு அந்நியமான கருவி என்று முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். இதில் அறிவியலும் இருக்கிறது. மரப்பெட்டியை நம்பும் கருவியில் கீழ்ச்சுரம் வேண்டுமானால் பெட்டி பெரிதாக வேண்டும். வயலினைவிட செல்லோ பெரிது, அதைவிட டபுள் பேஸ் பெரிது. பிக்கப் கம்பியை மட்டுமே படிப்பதால் பெட்டி என்கிற நிபந்தனையே கழன்றுவிடுகிறது; உள்ளங்கை அகல உடலிலும் மந்தரத்தைப் பேச வைக்கலாம். வாசிப்பெல்லையை நீட்டிய கருவிகள் பிக்கப்புக்குப் பிறகு பெருகியதற்கு இதுவே வழிவிட்டது.

  

மெட்டலுக்கு வருவோம். 1990-ல் கிதாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் ‘யூனிவர்ஸ்’ என்ற ஏழு கம்பிக் கிதாரை வெளியிட்டது. 1994-ல் கார்ன் குழுவின் முதல் ஆல்பம் அந்த ஏழாவது கம்பியைக் கோபத்தின் குரலாக்கியது. சுவீடனின் மெஷுக்கா குழு எட்டுக்குப் போனது. 2007-ல் ஐபனெஸ் எட்டுக் கம்பிக் கிதாரைக் கடைக்கே கொண்டுவந்தது. சாதாரணக் கிதாரின் கடைசிக் கம்பி 82.4 ஹெர்ட்ஸ். ஏழாவது கம்பி 61.7. எட்டாவது 46.25.

கம்பியின் நீளமும் இழுவிசையும் மாறாமல் 82.4-இலிருந்து 46.25-க்கு இறங்க, கம்பியின் எடை மும்மடங்குக்கு மேல் கூட வேண்டும். அதனால்தான் எட்டுக் கம்பிக் கிதாரில் கம்பியின் அதிரும் நீளத்தை 648 மில்லிமீட்டரிலிருந்து 686-க்கு நீட்டுகிறார்கள். நீட்டினாலும் மீட்டருக்கு எடை 2.8 மடங்கு வேண்டும். அத்தனை கனத்தை ஒரே எஃகுக் கம்பியில் கொடுத்தால் அது கம்பியாக இல்லாமல் கடப்பாரையாக விறைக்கும், மேற்சுரங்கள் சுருதி விலகும். விடை காஞ்சிபுரத்துச் சேலையின் கரையில் இருக்கிறது. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் சோதனை. உள்ளே வளையும் பட்டு நூல், வெளியே தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியின் சுற்று, அதன்மேல் தங்க முலாம். உலோகத்தின் கனம் வந்துவிடுகிறது, நூலின் நெகிழ்வும் போவதில்லை. கிதாரின் தடித்த கம்பியும் அப்படியே கட்டப்படுகிறது: உள்ளே இழுவிசையைத் தாங்கும் மெல்லிய எஃகு நரம்பு, வெளியே எடைக்காக மட்டும் நிக்கல் பூசிய எஃகுச் சுற்று.

இப்போது அந்த எட்டாவது கம்பி பிக்கப்புக்கு மேலே நிற்கிறது. மற்றக் கம்பிகளைவிடப் பல மடங்கு இரும்பு, அகலமான ஆட்டம். பிக்கப்பில் அதிகச் சுற்று இல்லாமலே அது உரக்கப் பேசும். அதன்கீழ் வலுவான செராமிக் காந்தத்தையும் கூடுதல் சுற்றையும் வைத்தால் ஆம்ப்புக்குப் போவது பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களின் வெள்ளம். காந்தம் மிகவும் நெருங்கினால் கம்பியையே பிடித்து இழுத்து அதன் அதிர்வைக் கோணலாக்கவும் செய்யும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற 46 ஹெர்ட்ஸை நாம் கேட்கிறோமா என்றால், கிதார் ஆம்ப்பில் பெரும்பாலும் இல்லை. 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். 92, 139, 185 என்று அதன் மடங்குகள் மட்டும் காதுக்கு வருகின்றன. இந்த மடங்குகளுக்கெல்லாம் பொதுவான அடி 46 என்று மூளை கணக்கிட்டு, இல்லாத சுரத்தை இருப்பதாகக் கேட்க வைக்கிறது. ஆக எட்டாவது கம்பியின் ஆழத்தைச் சுமப்பவை அதன் மேற்சுரங்கள். அடிச்சுரத்தைப் பெருக்கி மேற்சுரத்தை வெட்டும் பிக்கப், அந்தக் கம்பியைத் தாழ்த்துவதற்குப் பதில் குழப்பிவிடுகிறது.

மேற்சுரங்களைப் பிடிக்கச் சுற்றுகளைவிடப் பிக்கப் இருக்கும் இடம் பெரிய ஆயுதம். சி. வி. ராமன் 1921-ல் இந்திய நரம்புக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வு இதற்கு அடுத்த வீட்டுக் கேள்வி. கம்பியை ஒரு புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையும் தம்புராவும் அந்த விதியை மீறுகின்றன, அவற்றின் வளைந்த அகலமான பிரிட்ஜில் கம்பி உரசி எழுவதால், என்று ராமன் காட்டினார். கிதாரின் பிரிட்ஜ் கூர்முனை. அங்கே விதி பெரும்பாலும் செல்லும். பிக்கப்புக்கும் அதே விதிதான்: தனக்கு மேலே அசையாத மேற்சுரத்தை அது கேட்காது, கொஞ்சம் அசைவதைக் கொஞ்சமாகக் கேட்கும். 686 மில்லிமீட்டர் கம்பியில் பிரிட்ஜிலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பிக்கப்பை வைத்தால், அடிச்சுரத்தின் வீச்சு அங்கே நடுக்கம்பியில் இருப்பதில் 18 சதவீதம்தான். பத்தாவது மேற்சுரமோ தன் முழு வீச்சில் 97 சதவீதத்தோடு அங்கே நிற்கிறது. மெட்டல் வாசிப்பவர்கள் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை விட்டு நகராததன் காரணம் இது.

டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தபின் கணக்கு இன்னும் சுவையாகிறது. அலையின் தலையை வெட்டும்போது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு சுரங்கள் தங்களுக்குள் கூட்டியும் கழித்தும் புதிய சுரங்களைப் பெற்றுப்போடுகின்றன. மெட்டலின் ‘பவர் கார்ட்’ என்பது வேறொன்றுமில்லை, ஷட்ஜமும் பஞ்சமமும். விகிதம் 1, 3/2. கழித்தால் 1/2: அதாவது ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஷட்ஜம். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஒலி ஏன் அந்நியமாகப் படுவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். சிங்கப்பூரில் தமிழர்கள் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு வேத மந்திரங்களை டெத் மெட்டலோடு சேர்த்தபோது இந்த ஷட்ஜ பஞ்சமம் முன்கூட்டியே அங்கே தயாராக இருந்தது.

காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், நிலைமை கெடும். தூய அந்தர காந்தாரம் 5/4. ஷட்ஜத்தைக் கழித்தால் 1/4, அதுவும் கீழ் ஷட்ஜமே. ஆனால் கிதாரின் மெட்டுகள் சம இடைவெளிக் கணக்கில் அடிக்கப்பட்டவை. அங்கே காந்தாரம் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு ஏறி நிற்கும். சாதாரணமாகக் காது மன்னித்துவிடுகிற பிழை. கழித்தபின் அதே பிழை ஐந்து மடங்காகப் பெருகி, கீழே பிறக்கும் ஷட்ஜம் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு விலகி உறுமும். கர்னாடக ராகத்தை ஒற்றைச் சுரவரிசையாக டிஸ்டார்ஷனில் வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. கழிப்பதற்கு இரண்டாவது சுரம் இருந்தால்தானே.

எட்டாவது கம்பியில் ஷட்ஜ பஞ்சமமே பிரச்சினை. 46.25-ம் 69.3-ம் சேர்ந்து பெறுவது 23 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் அதைத் தராது, காதும் பெரிதாகக் கேட்காது. ஆனால் அதுவும் அதன் உறவுகளும் ஆம்ப்பின் அடுத்தடுத்த அடுக்குகளில் புகுந்து, மேலே இருக்கும் நல்ல சுரங்களையும் ஆட்டிவைக்கும். வாசிப்பவர்கள் ‘மட்’ என்று திட்டும் சேறு இங்கே உற்பத்தியாகிறது. அதனால் வெட்டுவதற்கு முன்பே கீழ்ப்பகுதியை வடிகட்டுகிறார்கள். ஐபனெஸின் பச்சை நிற ‘டியூப் ஸ்க்ரீமர்’ பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகத் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். புளூஸ் வாசிக்க வந்த பெட்டி, மெட்டல் மேடைகளில் இந்த ஒரு குணத்துக்காகவே நிரந்தர இடம் பிடித்துவிட்டது. அதைப் பார்க்கும்போது சூடான பிக்கப்பின் அபத்தம் புரியும்: கூடுதல் சுற்று போட்டு வரவழைத்த கீழ்ச்சுரத்தைக் காசு கொடுத்துப் பெடல் வாங்கி வெளியேற்றுகிறோம்.

மாற்று வழியை ராப் டர்னர் 1976-ல் தொடங்கிய இஎம்ஜி நிறுவனம் காட்டியது. சுற்றைக் குறை, அவுட்புட் குறையும், பரவாயில்லை. பிக்கப்புக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு பெருக்கியை வைத்துவிடு. அதன் பிறகு கேபிள் எவ்வளவு நீளமானாலும் மேற்சுரம் தேயாது. மெட்டாலிகா குழு அதைப் புகழ்பெறச் செய்தது. எட்டுக் கம்பிக்கு ‘808’ என்று தனி மாதிரியே வந்தது. 2014-ல் ஃபிஷ்மன் நிறுவனம் வயர் சுற்றுவதையே கைவிட்டு, அச்சிட்ட சுற்றுத் தகடுகளை அடுக்கிக் காயிலாக்கியது. பேட்டரி இல்லாத பிக்கப் செய்கிறவர்களிலும் பலர் இப்போது நீண்ட எல்லைக் கிதாருக்கு மிதமான சுற்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். என் ஓட்டும் மிதத்துக்கே. கூடுதல் சத்தத்துக்கு ஆம்ப்பில் ஒரு குமிழ் இருக்கிறது, காயில் தின்றுவிட்ட மேற்சுரத்தைத் திருப்பித் தர எந்தக் குமிழும் இல்லை.

இந்தியாவில் வாசிப்பவருக்கு இன்னும் ஒரு தலைவலி பாக்கி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எட்டாவது கம்பியின் திறந்த சுரம் 46.25, முதல் மெட்டில் 49. மின்கம்பியின் ‘ஹம்’ ஓசையும் கம்பியின் சுரமும் ஒரே வாசலில் நிற்கின்றன. ஒன்றை வடிகட்டினால் இன்னொன்றும் போகும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே மாட்டிக்கொள்வது ஏழாவது கம்பியின் 61.7. இதற்கு 1955-லேயே கிப்ஸனின் சேத் லவர் வைத்தியம் செய்துவிட்டார். இரண்டு காயில்கள், எதிரெதிர்த் திசையில் இணைப்பு, காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் அசைவு இரண்டிலும் ஒன்று சேரும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்பது இதுதான். ஆனால் வெளிக்காந்தப்புலம் இரண்டு காயில்களிலும் சமமாக விழுந்தால்தான் முழுதாக அடிபடும். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நின்றால் அருகிலுள்ள காயிலில் அதிகம், தள்ளியிருப்பதில் குறைவு, மிச்சம் உறுமும். மேடையில் கிதாரிஸ்ட் பாட்டு தொடங்குமுன் இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தால் அது ஆட்டமல்ல. எந்தக் கோணத்தில் அந்த 50 ஹெர்ட்ஸ் அடங்குகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.